மறுமொழி: ‘சர்க்கேடியன்’ என்பதற்கு ‘நாளொட்டு’ பொருந்துமா?

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

உறக்கம், விழிப்பு போல உடலுக்குள் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் ஒழுங்கை ‘சர்க்கேடியன் ரிதம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில், திங்கட்கிழமை ‘நாளொட்டு’ என்று ஒரே வரியில் போட்டுவிட்டுப் போனேன். விளக்கம் எழுத நேரமில்லை; வகுப்புத் தேர்வுத்தாள்கள் மேசை நிறையக் கிடந்தன. அதற்குள் பதினோரு மடல்கள் வந்துவிட்டன. இன்று நிதானமாக எழுதுகிறேன்.

நான் மொரீசியசில் இடைநிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். அறிவியல் என் துறை அல்ல. ஒன்பதாம் வகுப்புக்கு உறக்கம் பற்றி ஒரு வாசிப்புப் பாடம் எழுதத் தொடங்கி, இந்தச் சொல்லிடம் வந்து நின்றுவிட்டேன்.

> ‘சர்க்கேடியன் ரிதம்’ என்றே எழுதலாமே. நோயாளிக்குத் தூக்கம் வந்தால் போதும், சொல் எதற்கு?

மருத்துவர் ஐயா, தமிழ்நாட்டில் இருந்து பார்த்தால் அது சரியாகத்தான் படும். எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், செய்தி படிப்பது பிரெஞ்சில். அவர்கள் காதில் அந்தச் சொல் ‘சிர்காதியேன்’ என்றுதான் விழுகிறது. பக்கத்துத் தீவான ரீயூனியன் பிள்ளைக்கும் அப்படியே. ஒலிபெயர்ப்பு என்று முடிவு செய்தால் எந்த ஒலியைப் பெயர்ப்பது? எல்லோரும் ஒரே கடையில் கடன் வாங்கினால்தான் கடன்சொல் பொதுச்சொல் ஆகும். நாம் வெவ்வேறு கடைகளில் வாங்குகிறோம். சென்னைக்கும் எங்கள் தலைநகர் போர் லூயிக்கும் டர்பனுக்கும் பொதுவாக இருப்பது தமிழ்தான்.

அடுத்து, ‘தினசரிச் சுழற்சி’, ‘24 மணிநேரச் சுழற்சி’ என்ற இரண்டு முன்மொழிவுகள். இவை எளிமையானவைதான், ஆனால் பொருளைத் தவறவிடுகின்றன. எப்படி என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சென்ற மாதம் வகுப்பில் தொட்டாற்சிணுங்கிச் செடி ஒன்றைத் தொட்டியோடு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். இடுக்கு வழியே வெளிச்சம் புகாமல் கறுப்புத் துணி சுற்றினோம். மறுநாள் காலை எட்டரை மணிக்குத் திறந்தபோது இலைகள் விரிந்திருந்தன. ‘மிஸ், சூரியனே வரலையே, செடிக்கு எப்படி விடிஞ்சது தெரிஞ்சது?’ என்று ஒரு பையன் கேட்டான். 1729இல் பிரான்சில் தெ மேரான் என்ற வானியலாளர் இதே சோதனையைச் செய்து, இதே கேள்வியில்தான் வந்து நின்றார். தூங்குமூஞ்சி மரம் என்று பெயர் வைத்த நம் ஊர்க்காரர்களும் மாலையில் மடியும் இலையைக் கண்டு வைத்தவர்கள்தானே.

பையனுக்கு நான் சொன்ன பதில், கடிகாரம் செடிக்கு உள்ளே இருக்கிறது என்பதே. அது சரியாக 24 மணிநேரம் ஓடுவதும் இல்லை. வெளியிலிருந்து சேதி வராவிட்டால் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். மனிதருக்குச் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அளந்தார்கள். 1962இல் மிஷேல் சிப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் கடிகாரமில்லாமல் இரண்டு மாதம் நிலத்தடிக் குகையில் இருந்தார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20. மனக்கணக்கு இருபத்தைந்து நாள் பிசகியிருந்தது. உடலோ 24 மணிநேரத்தைச் சற்றே தாண்டிய ஒழுங்கில் உறங்கி விழித்துக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடும் சுற்று சரியாக 24 மணிநேரம் அல்ல என்பதை மனத்தில் வைத்துத்தான் ஃபிரான்ஸ் ஹால்பெர்க் என்ற அறிவியலாளர் 1959இல் லத்தீனில் இருந்து ‘சர்க்கேடியன்’ என்ற சொல்லை உருவாக்கினார். ‘ஏறத்தாழ ஒரு நாள்’ என்பதே அதன் பொருள். அந்த ‘ஏறத்தாழ’தான் சொல்லின் உயிர். ‘தினசரி’ என்றால் அது போய்விடும். பால்காரர் வருவதும் தினசரிதான், பேருந்து ஓடுவதும் தினசரிதான்.

> அப்படியானால் ‘உயிர்க்கடிகாரம்’ போதாதா?

‘உயிர்க்கடிகாரம்’ நல்ல சொல், அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் அது குடும்பப் பெயர். பருவத்துக்குப் பருவம் வலசை போகும் பறவையின் கணக்கும் உயிர்க்கடிகாரத்தில்தான் அடங்கும். நாம் தேடுவது அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் பெயரை. ‘பகலிரவுச் சுழற்சி’யை வெளியே நடக்கும் வெளிச்ச மாற்றத்துக்கு வைத்துக்கொள்வோம். உள்ளே ஓடுவதும் வெளியே ஓடுவதும் ஒரே பெயரில் இருந்தால் பாடம் நடத்தவே முடியாது.

பாலூட்டிகளில் இந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இரு கண்களின் நரம்புகளும் மூளையின் அடியில் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே இரண்டு சிறு நரம்புக்கருக்கள் உள்ளன. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள். 1972இல் எலிகளில் அவற்றைச் சிதைத்துப் பார்த்தார்கள்; அன்றாட ஒழுங்கு குலைந்து, எலிகள் கண்ட நேரத்தில் ஓடின, நீர் குடித்தன. எனக்கு இன்னும் வியப்பாக இருப்பது வெள்ளெலிச் சோதனைதான். பிறவியிலேயே 20 மணிநேரச் சுற்றுக் கொண்ட வெள்ளெலி வகை ஒன்று கிடைத்தது. அதன் நரம்புக்கருவை எடுத்து, நரம்புக்கரு சிதைக்கப்பட்ட சாதாரண வெள்ளெலிக்குள் 1990இல் பொருத்தினார்கள். வாங்கிய எலி 20 மணிநேரக் கணக்கில் ஓடத் தொடங்கியது. நேரத்தை ஓர் உடலில் இருந்து இன்னோர் உடலுக்கு மாற்றி வைத்தார்கள் என்றே சொல்லலாம்!

ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைப் பிள்ளைகளுக்கு நாழிகை வட்டிலைக் காட்டி விளக்கினேன். அடியில் ஊசித்துளை உள்ள கிண்ணத்தை நீரில் மிதக்க விட்டால், நீர் மெல்ல ஏறி, நிறைந்து, அமிழும். எடுத்துக் கவிழ்த்துவிட்டு மறுபடி மிதக்க விட வேண்டும். ஒரு முழுக்கு ஒரு நாழிகை, 24 நிமிடம். உயிரணுவில் கிளாக், பிமால்1 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து பெர், கிரை மரபணுக்களை முடுக்குகின்றன. அவற்றால் உண்டாகும் புரதங்கள் மெல்லத் திரண்டு, உயிரணுவின் கருவுக்குள் திரும்பிப் போய், தம்மை உண்டாக்கிய அந்த இரண்டையுமே அடக்கிவிடுகின்றன. அதுதான் வட்டில் அமிழும் நேரம். பிறகு திரண்டவை சிதைந்து தீரும், தடை நீங்கும், வட்டில் மறுபடி மிதக்கும். இந்த முழுக்குக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கிறது.

ஈரல், குடல், இதயம் என்று உடல் முழுக்க இந்த வட்டில்கள் உள்ளன. மூளையில் இருப்பது தலைமைக் கடிகாரம். அது ஒளியைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஈரலின் கடிகாரமோ சாப்பாட்டு நேரத்துக்கும் செவி சாய்க்கும். எலிகளுக்கு உறங்கும் வேளையில் மட்டும் உணவு கொடுத்தபோது ஈரல் கடிகாரம் திரும்பிக்கொண்டது, மூளைக் கடிகாரம் அசையவில்லை.

இதைப் படித்ததும் என் தம்பிதான் நினைவுக்கு வந்தான். எபேனில் ஒரு நிறுவனத்தில் அவனுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு வேலை. இரவு வாரத்தில் அதிகாலை இரண்டு மணிக்கு பிரியாணிப் பொட்டலம் கொடுப்பார்கள். காலை ஏழு மணிக்கு வீடு வருவான். அம்மா சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, கோழி கூவாமல் கூடையால் மூடி வைப்பார். அப்படியும் பத்து மணிக்கு எழுந்து, நெஞ்செரிகிறது என்று திண்ணையில் வந்து உட்காருவான். சோம்பேறி, உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என்று உறவினர் பேசும்போது எனக்கு ஆத்திரமாக வரும். அவன் மூளை ஒரு மணி காட்டுகிறது, ஈரல் வேறு மணி காட்டுகிறது. அடுத்த திங்கட்கிழமை வேலைப் பட்டியல் இரண்டையும் மறுபடி புரட்டிப் போடும். இரவு முறை வேலையை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே வைத்துவிட்டது. இதை அவனுக்கும் அவன் மேலாளருக்கும் சொல்ல நம்மிடம் ஒரு சொல் வேண்டாமா?

இனி ‘நாளொட்டு’. ‘ஆறு மணியை ஒட்டி வந்துவிடு’ என்கிறோம். ஐந்து ஐம்பதுக்கு வந்தாலும் ஆறு பத்துக்கு வந்தாலும் குற்றமில்லை. ‘காவடியை ஒட்டி ஊருக்குப் போனோம்’ என்றால் முன்னே பின்னே ஓரிரு நாள். லத்தீனில் முன்னொட்டாக வந்த ‘ஏறத்தாழ’, தமிழில் நாம் தினமும் பேசும் ‘ஒட்டி’யில் முன்பே இருக்கிறது. புணர்ச்சியும் எளிது. ‘நாட்காட்டி’யில் தடுக்கும் என் மாணவர்கள் ‘நாளொட்டு’வைத் தடுமாறாமல் வாசித்தார்கள். நாளொட்டுச் சுழற்சி, நாளொட்டுக் கடிகாரம், நாளொட்டு மாற்றம் என்று கூட்டுச்சொற்களும் தடையின்றி வருகின்றன. ‘ரிதம்’ என்பதற்குத் ‘தாளம்’ வேண்டாம் என்பேன். தாளத்துக்கு யாராவது கை தட்ட வேண்டும், இது தானே நடப்பது.

> ஒட்டு எண்டா எங்கட ஊரில ஒட்டுமாங்கண்டும் கிழிஞ்ச சட்டையில போடுற ஒட்டும்தான் ஞாபகம் வருது.

யாழ்ப்பாண அக்கா, இதைப் படித்து ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சட்டை ஒட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒட்டுமாங்கன்று என் பக்கம் பேசுகிறது என்று தோன்றுகிறது. ஒட்டிய கிளை அடிமரத்தின் நீரைக் குடிக்கும், காய்ப்பதோ தன் கனியைத்தான். நம் கடிகாரமும் தன் சுற்றைத் தானே சுற்றுகிறது. நாள்தோறும் சூரியனோடு ஒட்டிக்கொள்வதால்தான் 24 மணிநேரத்துக்கு மேல் மிஞ்சும் அந்தப் பதினோரு நிமிடம் சேர்ந்துகொண்டே போகாமல் சரியாகிறது. ‘ஏறத்தாழ’ என்பதும் ‘இணைந்து’ என்பதும் ஒரே வேரில் கிடைக்கின்றன.

அப்படி ஒட்டவைக்கும் வெளிக்குறிப்புக்கு ஜெர்மானியர் ‘நேரம் கொடுப்பது’ என்று பெயர் வைத்தார்கள். நான் ‘பொழுதுணர்த்தி’ என்கிறேன். வெளிச்சம்தான் முதல் பொழுதுணர்த்தி. விழித்திரையில் பார்ப்பதற்கு உதவும் அணுக்கள் போக, நீல ஒளியை உணர்ந்து பொழுதை மூளைக்குச் சொல்லும் அணுக்கள் தனியே இருக்கின்றன. பார்வை இழந்தவர்கள் சிலருக்கும் அவை வேலை செய்கின்றன. சுவர்க்கடிகாரம் பொழுதுணர்த்தி ஆகாது என்பதை எங்கள் தீவே ஒரு கோடைக்குச் சோதித்துப் பார்த்தது. கோடைப் பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்த, 2008 அக்டோபர் 26 அன்று நாடு முழுக்க மணியை ஒரு மணிநேரம் முன்னே தள்ளினார்கள். 2009 மார்ச் 29 வரை அப்படியே இருந்தது. நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இங்கே இரண்டரை மணிநேர வேறுபாடுகூட இல்லை. பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு பேருந்து ஏறினார்கள். ‘புது மணியா, பழைய மணியா?’ என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டோம். அம்மா மாடத்து விளக்கை ஏற்றியது வெயில் சாய்ந்த பிறகுதான், மணி பார்த்து அல்ல. அடுத்த கோடையில் மணியை யாரும் தொடவில்லை.

எனக்கு இன்னும் பிடிபடாதது, ‘ஒட்டவைத்தல்’ என்ற வினைக்குரிய கலைச்சொல். ‘ஒத்திசைவு’ இயற்பியலில் வேறு பொருளில் புழங்குகிறது. ‘பொழுதொட்டல்’ எழுத்தில் சரியாகத் தெரிகிறது, வாய்விட்டுச் சொன்னால் பசை ஒட்டுவது போலக் கேட்கிறது. இலக்கண ஐயாவும் யாழ்ப்பாண அக்காவும் இதை மட்டும் பாருங்கள். பாடம் இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதுவரை அந்த இடத்தைக் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
குவாத்ர போர்னிலிருந்து