ரோம் வரலாறு: சின்னதா ஒரு முதல் புத்தகம் தேடி அலைந்த கதை

திண்ணைவாசி:
ரோம்னா 'ரோமப் பேரரசின் சரிவும் வீழ்ச்சியும்' எழுதின வரலாற்றாசிரியர் கிப்பன்தான்னு எப்பவோ யாரோ சொன்னது மனசுல தங்கியிருந்தது. பழைய புத்தகக் கடையில மூணு தடித் தொகுதி சல்லிசா கிடைச்சதும் தூக்கிட்டு வந்துட்டேன். சீசர் எப்ப வருவார், ரோமோட எதிரி நகரம் கார்த்தேஜோட தளபதி ஹானிபல் யானையோட எப்ப ஆல்ப்ஸ் மலை ஏறுவார்னு புரட்டினேன், புரட்டினேன், வரவே இல்லை. நூறு பக்கம் போனப்புறம்தான் உறைச்சுது: மனுஷன் கதையை ஆரம்பிக்கிறதே கி.பி. 2ஆம் நூற்றாண்டுல! தலைப்பிலேயே வீழ்ச்சின்னு போட்டிருக்கு. அதுல எழுச்சியைத் தேடினது என் தப்பு. நடை அபாரம், அடிக்குறிப்புல இருக்கிற குசும்பு அதைவிட அபாரம். ஆனா முதல் புத்தகம் அது இல்லை. 200 பக்கத்துக்குள்ள ஏதாவது படிச்சிருந்தா சொல்லுங்க.

இரவுப்பணியாள்:
எனக்கு நேர்மாறு. நான் வாங்கினது ஒல்லியோ ஒல்லி. ஓநாய்ப் பால் குடிச்ச ரோமுலஸ்ல தொடங்கி கி.பி. 476ல பதவி போன கடைசி மேற்கு ரோமப் பேரரசர் ரோமுலஸ் அகஸ்டுலஸ் வரைக்கும், ஆயிரத்து இருநூறு வருஷத்தை 120 பக்கத்துல அடைச்சு வச்சிருந்தாங்க. பக்கத்துக்கு அஞ்சு பேர், எல்லாரும் மார்க்கஸ், லூசியஸ், கையஸ். கி.மு. 202ல ஸாமாவில ஹானிபலை ஜெயிச்ச சிப்பியோவும், 146ல கார்த்தேஜை எரிச்ச சிப்பியோவும் ஒரே ஆள்னு ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன். தொண்ணூறு வயசுல படை நடத்தின கிழவர்னு ஆபீஸ்ல பெருமையா வேற சொல்லித் தொலைச்சேன். ரெண்டாமவர் முதலாமவரோட மகன் தத்தெடுத்த பிள்ளை. அந்த ஒரு வரிக்கு புத்தகத்துல இடம் இல்லை.

அப்புறம்தான் ரோமை ரெண்டாப் பிரிச்சுப் படிச்சேன். ஆக்ஸ்ஃபோர்டோட 'வெரி ஷார்ட் இன்ட்ரொடக்‌ஷன்' வரிசையில குடியரசுக்கு டேவிட் க்வின், பேரரசுக்கு கிறிஸ்டோஃபர் கெல்லின்னு தனித்தனிப் புத்தகம் இருக்கு. சட்டைப் பையில போட்டுக்கலாம். குடியரசை முதல்ல எடுங்க. சீசர் படையோட ருபிக்கான் ஆத்தைத் தாண்டினதால குடியரசு செத்துதுன்னுதான் அதுவரை நினைச்சிருந்தேன். அது கி.மு. 49ல. அதுக்கு எண்பது வருஷம் முன்னாடியே, 133ல, பொது நிலத்தை இல்லாதவங்களுக்குப் பங்கு போடப் பார்த்த டைபீரியஸ் கிராக்கஸை செனட்காரங்களே அடிச்சுக் கொன்னுட்டாங்க. போகப்போக, சண்டை முடிஞ்சா நிலம் வாங்கித் தர்றது தளபதின்னு ஆனதும் சிப்பாயோட விசுவாசம் அரசுகிட்டயிருந்து தளபதிக்கு மாறிடுச்சு. மாரியஸ், சுல்லா, சீசர்னு வரிசையா வந்தது ஏன்னு அப்பத்தான் புரிஞ்சுது. கெல்லி புத்தகத்துல அரசர் வரிசையைத் தேடாதீங்க, அது தலைப்பு தலைப்பாப் போகும்.

மிளகுமூட்டை:
எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமக் காசுகளைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள் நான். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் மரக்கலம் அகநானூறு 149இல் வருகிறதே, அந்தக் காசை அடித்த ஊர் எப்படி இருந்தது என்ற ஆசை. படித்தது மேரி பியர்டின் 'எஸ்.பி.க்யூ.ஆர்.' சின்னது இல்லை, தலையணை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி இருக்கும். ஒரு எச்சரிக்கை: பேரரசின் சுதந்திர மக்கள் எல்லோருக்கும் பேரரசர் கராகல்லா குடியுரிமை கொடுத்த கி.பி. 212ஆம் ஆண்டோடு நிறுத்திவிடுகிறார். அதற்குப் பின் வந்த பேரரசர் கான்ஸ்டன்டைனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

எதைப் படித்தாலும் ஒரு துண்டுச் சீட்டில் 509, 264, 146, 44, 27 என்று கி.மு. ஆண்டுகளை எழுதி நடுவில் செருகிக்கொள்ளுங்கள். மன்னராட்சி போனது, கார்த்தேஜுடன் முதல் போர், கார்த்தேஜ் சாம்பல், சீசர் கொலை, முதல் பேரரசராக அகஸ்டஸ். என் சீட்டு பால் பாக்கெட் கணக்கின் பின்பக்கம்.

திண்ணைவாசி:
க்வின் வந்தாச்சு. சீட்டும் எழுதியாச்சு. நேத்து ராத்திரி ஒருவழியா யானை ஆல்ப்ஸ் ஏறிடுச்சு.