ஸ்கூல் எதிர்ல இருக்கற கடையில என்ன விக்கணும்னு ஊரு சொல்லலாமா?

பாலக்கோடு அம்மா:
வணக்கங்க. எங்க ஊரு யூனியன் ஸ்கூல்ல போன வாரம் மேலாண்மைக் குழு மீட்டிங், நானும் மெம்பரு. கேட்டுக்கு நேர் எதிர்ல ஒரு பெட்டிக்கடை இருக்கு, சரம் சரமா அஞ்சு ரூபா சிப்ஸ் பாக்கெட்டு, கலர் கலரா ஜூஸ் பாட்டிலு, இன்டர்வல் பெல் அடிச்சா புள்ளைங்க பூரா அங்கதான். என் பையன் மூணாவது. சாயங்காலம் வரும்போது வெரல்ல மசாலா மஞ்சளா ஒட்டியிருக்கும், ராத்திரி களி கிளறி மொச்சைக் கொழம்பு ஊத்தி வெச்சா தட்டையே தள்ளி விட்டுடறான். கடைக்காரர்கிட்ட இதெல்லாம் விக்காதீங்கன்னு பேசலாம்னு சொன்னேன். ஒரு அண்ணன் எழுந்து, எம்புள்ளைக்கு என்ன வாங்கித் தரணும்னு எனக்குத் தெரியும், ஊரு யாரு கேக்கன்னுட்டாரு. அதுல இருந்து மனசு கேக்கல. நாளைக்கு என் அடுப்படிக்கு ஊரு வந்து நின்னா நான் ஒத்துக்குவேனா? நீங்க என்ன நெனைக்கறீங்க?

காரிமங்கலம் கடைக்காரன்:
அக்கா, நானும் கடை வெச்சிருக்கறவன்தான். சிப்ஸ் வண்டி வாரா வாரம் கடை வாசலுக்கே வருது, சரத்தை அவங்களே மாட்டிட்டுப் போறாங்க, மாசக்கணக்குல தொங்குனாலும் கெடாது. கடலை உருண்டை வேணும்னா நான்தான் வண்டி எடுத்துட்டு டவுனுக்குப் போகணும், மழைக்காலத்துல நாலு நாள்ல நமுத்துடும், அந்த நஷ்டம் யாரு தலையில? விக்காதேன்னு சொல்றது சுலபம், வேற எதை வித்துப் பொழைக்கறதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

சூளகிரி தங்கச்சி:
நான் மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா மாத்திரை கொண்டு போறவ. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ல எங்க சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சுது. சுகர், பிபின்னு வீட்டுக்கு வீடு அட்டை எழுதறேன், அதுல என் வயசுக்காரங்களும் இருக்காங்க, அதைப் பார்க்கத்தான் வயித்தைக் கலக்குது. மாத்திரை ஊரு காசு, அப்புறம் சாப்பாடு மட்டும் எப்படிங்க தனி ஆளு விஷயம் ஆகும்? பெரியவங்க என்ன வேணா சாப்பிடட்டும், அதுல நான் தலையிட மாட்டேன். எட்டு வயசுப் புள்ள பளபளப்பு பாக்கெட்டைப் பார்த்து ஓடறதுக்குப் பேரு சுதந்திரம் இல்லீங்க. 2020லயே விதி வந்தாச்சு, ஸ்கூல் கேட்டுல இருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமா இருக்கற பண்டம் விக்கக் கூடாதுன்னு. அதைக் காட்டிப் பேசுங்க, எடுத்ததுமே ஆபீசருக்குப் போன் போட்டுடாதீங்க, அந்தக் குடும்பமும் அந்தக் கடையை நம்பித்தான் இருக்கும்.

பென்னாகரத்தான்:
எனக்கு இந்தத் தடை பேச்சே பயமா இருக்குங்க. அடுத்தவன் தட்டுல கை வெச்சா எங்க போய் நிக்கும்னு தெரியாது. நான் படிக்கும்போது தூக்குல களி உருண்டை எடுத்துட்டுப் போவேன், கூடப் படிச்சவங்க களி தின்னின்னு கூப்பிடுவாங்க, அந்த வெக்கத்துலயே வீட்ல அரிசிச் சோறுதான் வேணும்னு அழுதேன், எங்கம்மா கடன் வாங்கி அரிசி பொங்குச்சு. அப்ப யாரும் என்னைத் தடுக்கல, கட்டாயப்படுத்தவும் இல்ல, ஆனா அது நானா எடுத்த முடிவா? 2023ல நம்ம தருமபுரியிலயும் நீலகிரியிலயும் ரேஷன்ல அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி வாங்கிக்கலாம்னு கொண்டு வந்தாங்க பாருங்க, அது எனக்குப் புடிச்சுது. வேணுங்கறவங்க வாங்கலாம், வேணாங்கறவங்களுக்கு அரிசி. கைக்கு எட்டற தூரத்துல நல்லதையும் வெச்சுட்டு அப்புறம் உன் இஷ்டம்னு சொல்லணும், அஞ்சு ரூபாய்க்கு சிப்ஸ் மட்டும்தான் கெடைக்கும்னா அதுல என்ன இஷ்டம்?

பாலக்கோடு அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கடைக்கார அண்ணன் சொன்னது உறுத்துச்சு, நேத்து எங்க ஊரு கடைக்கே போய்ப் பேசிட்டேன். எங்க மகளிர் குழுவுல கடலை உருண்டை புடிச்சு நாங்களே காலையில கொண்டு வந்து தரோம், மீந்தா திரும்ப எடுத்துக்கறோம்னு சொன்னேன். சிப்ஸ் சரத்தைக் கேட்டுக்குத் தெரியற பக்கம் மாட்டாதீங்கன்னும் கேட்டேன், அதுக்கு இன்னும் பதில் சொல்லல. திங்கக்கிழமை மொத டப்பா.