கிளட்ச் பிளேட் மட்டும் மாத்தினா போதுமா, செட்டாவே மாத்தணுமா?

கேள்வி:
வண்டி பழசுதாங்க, 15 வருஷம் ஆச்சு, பெட்ரோல், கேபிள் கிளட்ச். கொஞ்ச நாளா மேடு ஏறுறப்ப டாப் கியர்ல அழுத்தினா இன்ஜின் மட்டும் அலறுது, ஆர்பிஎம் முள்ளு எகிறுது, வண்டி என்னமோ அதே வேகத்துலதான் போகுது, கூடவே கருகின வாடை வேற. பெடலும் முக்கால்வாசி மேல வந்தாதான் பிடிக்குது. மெக்கானிக், பிளேட் மட்டும் போடலாம், பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கறது) நல்லாதான் இருக்கும்ங்கறார். கியர்பாக்ஸை இறக்காமலே அது எப்படி தெரியும்?

பதில் 1:
இறக்குறதுக்கு முன்னாடி பெடலை கையால அமுக்கிப் பாருங்க, ஆரம்பத்துல கொஞ்சம் லூசா போகணும். பிளேட் தேயத் தேய அந்த லூஸ் குறைஞ்சிட்டே வரும், சுத்தமா இல்லன்னா எந்நேரமும் பெடல் மேல கால வச்சு ஓட்டுற மாதிரிதான், நல்ல பிளேட்டே ஸ்லிப் ஆகும், அதாவது பிடிக்காம வழுக்கும். கேபிள் நட்டை லூஸ் பண்ணி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க.

பதில் 2:
செட்டாவே போட்டுடுங்க. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் (பெடலை அமுக்கினா பிரஷர் பிளேட்டைத் தள்ளி கிளட்சை விடுவிக்கறது) மூணும். செலவுல பாதி இறக்கி ஏத்துற கூலிதான், நாளைக்கு பேரிங் கத்த ஆரம்பிச்சா மறுபடி முதல்லேர்ந்து இறக்கணும்.

நான் பட்டது வேற கதை. புது செட் போட்டு ரெண்டே மாசத்துல திரும்ப ஸ்லிப். இறக்கினா பிளேட் பளபளன்னு இருக்கு, விரலை வச்சா கருப்பு ஆயில். இன்ஜின் கிராங்க் ஷாஃப்ட் பின்னாடி இருக்கற ஆயில் சீல் கசிஞ்சிருக்கு, முதல் தடவை ஒருத்தரும் அதைப் பாக்கல (நானும்தான்). அதனால இறக்கினதும் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கற கூடு) உள்ள ஈரம் இருக்கான்னு நீங்களே எட்டிப் பாருங்க.

பதில் 3:
ஃப்ளைவீலையும் (இன்ஜினோட சுத்துற சக்கரம், கிளட்ச் பிளேட் இது மேலதான் அழுந்தும்) பாக்க சொல்லுங்க. நீல நீலமா சூடு பட்ட திட்டு, முடி மாதிரி கீறல் இருந்தா லேத்துல கொடுத்து ஃபேஸிங் பண்ணணும் (மேல்பரப்பை சீவி சமமாக்கணும்), இல்லன்னா புது பிளேட் போட்டும் வண்டி எடுக்கறப்ப உதறும். ஏத்துறப்ப கியர்பாக்ஸ் வெயிட்டு பிளேட் மேல தொங்கக் கூடாது, நடு ஹப் வளைஞ்சிடும், அப்புறம் கிளட்சே சரியா விடாது. ஸ்ப்லைன்ல (பிளேட் ஹப் மாட்டுற கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டோட பல்லு) கிரீஸ் துளியூண்டு போதும், நிறைய அப்பினா தெறிச்சு பிளேட்லயே விழும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. கேபிள்ல லூஸே இல்ல. அட்ஜஸ்ட் பண்ணினேன், சமதரைல பரவால்ல, மேட்டுல அதே கதைதான். நேத்து இறக்கியாச்சு, நான் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தேன். பிளேட் ரிவெட் (உராய்வு லைனிங்கைப் பிடிச்சிருக்கற ஆணி) வரைக்கும் தேஞ்சு, ரிவெட் தலை பிரஷர் பிளேட்ல வட்டமா கோடு போட்டு வச்சிருக்கு, நகத்தை வச்சா தடுக்குது. மெக்கானிக்கே பாத்துட்டு செட்டா வாங்கிட்டு வாங்கன்னுட்டார். சீல் காஞ்சுதான் இருக்கு, ஃப்ளைவீல் லேத்துக்கு போயிருக்கு.