ஜெபித்த பின்னும் மனம் கலங்கினால் அது அவிசுவாசமா?

கேள்வி: ரங்கூனிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவை நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, ஆண்பிள்ளைகளைப் பெற்ற இந்நாட்டுத் தாய்மார் பலரையும் போல நானும் நிம்மதியாக உறங்கியதில்லை. மூத்த மகனைத் தாய்லாந்துக்கு அனுப்பிவிட்டோம். இளையவனுக்கு அடுத்த ஆண்டு 18 வயது நிறைகிறது. கணவருக்கு நீரிழிவு, மருந்தின் விலையோ மாதத்திற்கு மாதம் ஏறுகிறது. சபையில் ஒரு மூத்த சகோதரியிடம் இதைச் சொல்லி அழுதபோது, பிலிப்பியர் 4:6-ஐக் காட்டி, கவலைப்படுகிறவர்கள் கர்த்தரை நம்பாதவர்கள் என்றார். அன்று முதல், இருந்த கவலைகளோடு, கவலைப்படுகிறேனே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. நான் விசுவாசத்தில் குறைந்துபோனேனா?

மறுமொழி 1: மோல்மேன், ஓய்வுபெற்ற உபதேசியார்

அம்மா, அந்தச் சகோதரி நல்லெண்ணத்தோடு சொல்லியிருப்பார். ஆனால் வசனத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று தொடங்கும் பவுல், அதே மூச்சில் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்கிறார். மனதில் பாரமே இல்லாதவன் எதை விண்ணப்பிப்பான்? அந்த நிருபத்தை அவர் காவலில் இருந்துகொண்டு எழுதினார். அதன் 2-ம் அதிகாரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். தம் உடன்வேலையாளாகிய எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்தின் விளிம்புவரை போனதைச் சொல்லும் அவர், தேவன் இரங்கியிராவிட்டால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்று ஒளிக்காமல் எழுதுகிறார்.

நான் இருக்கும் இவ்வூர் அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் வாழ்ந்த ஊர் என்பதால் அவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1813-ல் ரங்கூனில் வந்திறங்கியவர், முதல் பர்மிய விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். 1824-ல் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டபோது அன்றைய தலைநகரான ஆவாவில் விலங்கிட்டு அடைக்கப்பட்டார்; அவருடைய மனைவி ஆன், பிறந்த குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு அதிகாரிகளின் வாசல்களில் மன்றாடினார். ஜட்சன் விடுதலையான பிறகு, 1826-ல், அவர் அருகில் இல்லாத வேளையில் ஆன் இறந்தார். ஆறு மாதத்தில் குழந்தையும் இறந்தது. அதன் பிறகு ஜட்சன் காட்டில் ஒரு குடிசை போட்டுத் தனித்திருந்தார், தமக்கென ஒரு புதைகுழியும் வெட்டினார். கடவுளை நம்புவதாகவும், ஆயினும் அவரைக் கண்டடைய முடியவில்லை என்றும் அந்நாட்களில் எழுதினார். அதே மனிதர் 1834 ஜனவரியில் பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தார். அதைத்தான் இன்றும் இங்குள்ள பர்மியச் சபைகளில் வாசிக்கிறார்கள். அவரை அவிசுவாசி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மறுமொழி 2: பெகு வாசகர்

உபதேசியார் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால், துக்கப்பட்டார், பின்பு பெரிய காரியம் செய்தார் என்று கதையை முடித்தால், எங்கள் துக்கமும் அப்படியொரு நல்ல முடிவைக் காணும் என்று வாக்குக் கொடுத்தது போல் ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். நம் பேச்சில் விசுவாசம், நம்பிக்கை இரண்டையும் ஒன்றாகவே வழங்குகிறோம். வேதம் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. இன்று ஒருவர்மேல் சாய்ந்திருப்பது விசுவாசம்; இன்னும் வராத ஒன்றை நோக்கிக் காத்திருப்பது நம்பிக்கை. காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல என்று ரோமர் 8-ல் பவுல் சொல்கிறார். மகன் பத்திரமாகத் திரும்புவான் என்று உங்களுக்கு உறுதி கூற என்னால் முடியாது, சகோதரி. அப்படிக் கூறுகிறவர்களின் சாட்சிக் கூட்டங்கள் எனக்குச் சலித்துவிட்டன. உயிர்த்தெழுந்தவர் அவனையும் உங்களையும் மரணத்திற்கு அப்பாலும் கைவிடார் என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

மறுமொழி 3: மாந்தலேயிலிருந்து

அக்கா, 2025 மார்ச் 28 நிலநடுக்கத்திற்குப் பிறகு பல இரவுகள் வீதியில் படுத்திருந்தோம். "பூமி நிலைமாறினாலும்" என்ற 46-ம் சங்கீதத்தை யாரோ வாசித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு வார்த்தை ஜெபிக்கவும் முடியவில்லை. பக்கத்தில் படுத்திருந்த வயதான அம்மா ஒருவர், "நீ சும்மா இரு, உனக்காகவும் நானே ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை நீட்டினார். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகவும் இல்லை. உங்களைச் சுமக்க இரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எப்பாப்பிரோதீத்து பற்றிய பகுதியை நேற்றிரவு கணவருக்கு வாசித்துக் காட்டினேன், "பவுலுக்கே அப்படியா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் வாசிக்கச் சொன்னார். எங்கள் பேட்டையில் என்னைப் போலவே பிள்ளையை எல்லைக்கு அப்பால் அனுப்பிய ஒரு பெண் இருக்கிறார். இதுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. வெள்ளிக்கிழமை மாலை மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வரும்படி அவரை அழைத்திருக்கிறேன்.