பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீடுகள்: சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசும் முன்

கொத்துக்கரண்டி:
பழைய கொத்தனார்கள் ஊருக்கு விட்டுப்போன சொத்து இந்தச் சுவர்கள்தான். 1818-இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பு. லெபோ பாசார் தெருப் பக்கத்துப் பழைய கடைவீடுகளும் (கீழே கடை, மேலே வீடு) செங்கல், சுண்ணாம்புக் கட்டுமானமே. அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையீரம் செங்கல்லில் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகும். அந்தக் கணக்கில்தான் கட்டினார்கள். மேலே சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. முழங்கால் உயரத்தில் நின்ற கறை இடுப்புக்கு வரும். உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல் முகத்தைப் பொடியாக்கும். சுத்தியல் காம்பால் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலக் கேட்டால் பூச்சு விட்டுப்போயிருக்கிறது.

சல்லடை:
கொத்துக்கரண்டி அண்ணன் சொன்னது சரி. சிமெண்டை உளி வைத்துக் கையால்தான் எடுக்க வேண்டும். மின்சார பிரேக்கர் வைத்தால் பழைய செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும், அது அவ்வளவு மெத்து. பிறகு சுவரைச் சில வாரம் காயவிட்டு, பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும்.

கலவை: ஊறிய சுண்ணாம்பு 1, சலித்த ஆற்று மணல் 3. கடல் மணல் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் 3 மாதமாவது கிடக்கட்டும். சரியாக ஊறாத கட்டி சுவரில் ஏறிய பிறகு ஊறி உப்பி, பூச்சில் குழி குழியாகத் தெறிக்கும். சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு சுமார் 10 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பூசுங்கள். அடுத்த பூச்சுக்கு ஒரு வாரமாவது இடைவெளி. வெயில் படும் சுவருக்கு ஈரச்சாக்கு தொங்கவிடாவிட்டால் வெடிப்பு நிச்சயம்.

அஞ்சடி:
கடைசியில் அக்ரிலிக் பெயிண்ட் அடித்தால் இத்தனை பாடும் வீண். பால்போலக் கரைத்த சுண்ணாம்பை மெல்லிசாக 4, 5 முறை அடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் வெந்துவிடும். முன்னால் காக்கி லீமாவில் (கடைமுன் ஐந்தடி நடைபாதை) டைல்ஸ்மேல் டைல்ஸ் ஒட்டித் தரை உயர்ந்திருந்தால் மழைத்தண்ணீர் சுவரடிக்கே திரும்பும். முதலில் அதைப் பாருங்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய எல்லைக்குள் வீடு இருந்தால், உளியை எடுக்கும் முன்பே மாநகர் மன்றத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள்.

புதுவரவு:
சீக்கிரம் இறுக, சுண்ணாம்பில் ஒரு கை சிமெண்ட் போட்டால் என்ன?

சல்லடை:
வேண்டாம் தம்பி. அந்த அளவு சிமெண்ட் பலத்துக்கும் போதாது, சுண்ணாம்பின் துளைகளையும் அடைக்கும்.