உட்பக்கம் இருக்க, தேடலில் தாய்ப்பக்கமே வருகிறது. என்ன செய்யலாம்?

வேர்ட்பிரஸ் தளம். 'இன்வெர்ட்டர் பேட்டரி பராமரிப்பு' தாய்ப்பக்கம், அதன் கீழ் பல உட்பக்கங்கள். ஜனவரியில் தீம் (தளத்தின் வடிவமைப்பு) மாற்றியதிலிருந்து 'பேட்டரிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றணும்' என்று கூகுளில் தேடினால், அதற்கென்றே எழுதிய உட்பக்கம் வராமல் தாய்ப்பக்கம்தான் வருகிறது. அதில் இதுபற்றி இருப்பது ஒரே ஒரு பத்தி.

கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோலில் பார்த்தால், உட்பக்கம் இன்டெக்ஸ் ஆகியிருக்கிறது (கூகுளின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது), கெனானிக்கலும் (ஒரே மாதிரிப் பக்கங்களில் எது முதன்மை என்று சொல்லும் குறி) சரி. அந்த உட்பக்கத்துக்குப் போகும் 'இங்கே சொடுக்கவும்' லிங்க்குகளை 'பேட்டரித் தண்ணீர் அளவு' என்று மாற்றியாயிற்று. லிங்க்குகள் மூல எச்டிஎம்எல்லிலேயே இருக்கின்றன, ஜாவாஸ்கிரிப்டை நம்பி இல்லை. சந்தேகமெல்லாம் புதுத் தீமின் 'தொடர்புடைய பதிவுகள்' பெட்டிமேல்தான்: எல்லாப் பக்கத்திலும் ஒரே லிங்க்குகளைப் போடுவதால், எந்தப் பக்கம் எதற்கு நெருக்கம் என்பதே மங்கிப்போகிறது. அதை எடுத்துவிட்டேன், இன்னும் மாற்றமில்லை.

அடுத்து, தாய்ப்பக்கப் பத்தியை இரண்டு வரியாகச் சுருக்கி லிங்க் கொடுப்பதா, இரு பக்கங்களையும் இணைத்து 301 (பழைய முகவரியிலிருந்து நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) போடுவதா?