கலைச்சொல்: டச்சு ‘ரெகென்டெஸ்’ தமிழில்? (17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் மருத்துவமனை, முதிய ஆடவர் இல்லம் போன்ற அறநிறுவனங்களை மேற்பார்த்த பெண்கள் குழுவின் உறுப்பினர். ஹார்லெம் நகரத்து முதிய ஆடவர் இல்லத்தின் பெண்கள் குழுவை ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்த படத்துக்குக் குறிப்பு எழுத வேண்டும்.)

> ‘ஆளுநர் மகளிர்’ என்று போட்டுவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, சிக்கலே அதில்தான். படத்தின் கீழ் ‘ஆளுநர் மகளிர்’ என்று இருந்தால் ஆளுநர் வீட்டுப் பெண்கள் என்றுதான் படிப்பார்கள். இவர்களுடையது நகரத் தலைவர்கள் நியமித்த, சம்பளமில்லாத பொறுப்பு. ‘அரசப் பிரதிநிதி’யும் ஆகாது. டச்சில் இதே சொல், 1890 முதல் 1898 வரை மகளுக்காக ஆட்சி நடத்திய எம்மா அரசிக்கும் வழங்குகிறது. அகராதியை மட்டும் பார்ப்பவர் அங்கேதான் இடறுவார். ‘புரவலர்’ என்றால் பணம் கொடுத்தவர் ஆகிவிடும்.

‘அறங்காவலர்’ ஓரளவு பொருந்தும். ஆனால் சொத்து, வரவுசெலவு, வழக்கு எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் குழுவிடம் இருந்தன. பெண்கள் குழு சமையல், துணிமணி, படுக்கை, பணிப்பெண்கள், சிறுமிகளின் வளர்ப்பு ஆகியவற்றைப் பார்த்தது. ஓவியமும் தனித்தனிதான்: ஹார்லெம் எலிசபெத் மருத்துவமனையின் ஆண்கள் குழுவை 1641இல் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தார், அதே ஆண்டு பெண்கள் குழுவை வரைந்தவர் வெர்ஸ்பிராங்க். எனவே இரண்டுக்கும் இணையாக நிற்கும் சோடிச் சொல் வேண்டும்.

என் முன்மொழிவு: நிறுவனத்துக்கு ‘அறமனை’, பொறுப்பாளருக்கு ‘அறமனையாட்டி’. ‘ஆட்டி’யில் ஆளுதல் இருக்கிறது.

> நிறுவனத்துக்கு ‘அறமனை’, பொறுப்பாளருக்கு ‘அறமனையாட்டி’.

அம்மா, ‘அறமனை’ அருமை. ‘அறமனையாட்டி’யை மட்டும் வாசகர் ‘அற + மனையாட்டி’ என்று பிரித்துவிடுவார். நல்ல மனைவி ஆகிவிடும். எதைத் தவிர்க்கப் பார்த்தோமோ அதுவே திரும்பி வருகிறது.

இது தனியாள் பதவி அல்ல, குழு. குழுவுக்கு நம்மிடம் ‘வாரியம்’ இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ‘வாரியப் பெருமக்கள்’ என்றே வருகிறது. அதிலிருந்து ஒருமை ‘வாரியப் பெருமகள்’, பன்மை ‘வாரியப் பெருமகளிர்’. ஆண்களுக்கு ‘வாரியப் பெருமகன்’. மின்வாரியம் நினைவுக்கு வந்தால் வரட்டும், அதுவும் நிர்வாகக் குழுதானே. ஓவிய வகைக்கு ‘வாரியப் படம்’ போதும்.

இன்னொரு சொல்லும் தேவை. ஹால்ஸ் 1664 வாக்கில் வரைந்த நம் முதிய ஆடவர் இல்லப் படத்தில் ஐந்து பெண்கள். நால்வர்தான் வாரியத்தார். வலது ஓரம் நிற்பவர் அங்கேயே தங்கிச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்; டச்சில் ‘உள்தாய்’ என்பதுபோல் வரும். ‘இல்லத்தாய்’ எனலாம். இவரையும் சேர்த்து ‘ஐந்து பெருமகளிர்’ என்று எழுதினால் பிழை.

> முதியோர் அறமனை...

‘முதியோர்’ என்று எழுதிவிட்டால் விஷயமே போய்விடும். அந்த இல்லத்தில் இருந்தவர்கள் முழுக்க வயதான ஆண்கள். வீட்டு நிர்வாகம் பெண்கள் கையில். ஆம்ஸ்டர்டாமின் ‘ஸ்பின்ஹவுஸ்’ வேறு மாதிரி. அது பெண்களை அடைத்து நூல் நூற்க வைத்த சீர்திருத்தச் சிறை. அதற்கும் இப்படிப்பட்ட பெண்கள் வாரியம் இருந்தது. அதை ‘அறமனை’ என்று சொல்ல மனம் வரவில்லை. ‘நூற்புச் சிறை’ என்று வைத்துக்கொள்ளலாம்.

‘வாரியப் பெருமகளிர்’ எனக்கும் சம்மதம். ‘ப்’ விடுபடாமல் இருக்கட்டும். படக்குறிப்பு இப்படி: ‘ஹார்லெம் முதிய ஆடவர் அறமனையின் வாரியப் பெருமகளிர் நால்வரும் இல்லத்தாயும்’.